பழைய எஸ்டீமில் பெர்ஃபாமன்ஸ் கேம்: இன்ஜின் ஆயுள் என்ன ஆகிறது?

வண்டி 2003 மாடல் மாருதி எஸ்டீம், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஓடோமீட்டர் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இன்ஜின் ஜி13பிபி: 1298 சிசி, 16 வால்வ், அவற்றைத் திறந்து மூட ஒரே கேம் (கேம்ஷாஃப்ட்), ஸ்டாக்கில் 85 குதிரைத்திறன். கோயம்புத்தூரில் இந்த இன்ஜினைத் தெரியாத பட்டறை குறைவு. செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் எஸ்டீம்கள் ரேஸ் ஓடியிருக்கின்றன. அதனால் கேமை ரீகிரைண்ட் செய்து, அதாவது வால்வை இன்னும் அதிகமாகத் திறக்கும் வடிவத்துக்கு அரைத்துத் தருகிற கைகளும் இங்கே உண்டு.

பவர் எவ்வளவு ஏறியது என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு. தினமும் வேலைக்குப் போய்வரும் பழைய வண்டியில் இப்படி ஒரு கேம் போட்டால் இன்ஜின் எத்தனை காலம் தாங்கும்? போட்டு, ஓட்டி, அளந்து பார்த்ததில் எனக்குக் கிடைத்த பதில்: கேம் மட்டும் ஆயுளைத் தின்பதில்லை. கூடவே வருகிற ஸ்பிரிங், ஆர்பிஎம், பெட்ரோல் கலவை, இந்த மூன்றும்தான் தின்கின்றன.

கழற்றும் முன்பே கம்ப்ரெஷனும், சிலிண்டரில் ஏற்றிய காற்று எவ்வளவு கசிகிறது என்று காட்டும் லீக் டவுனும் பார்த்து எழுதி வைத்தேன். நான்கு சிலிண்டரும் 180 பிஎஸ்ஐ பக்கம், லீக் 10 சதவீதத்துக்குக் கீழே. பிஸ்டன் ரிங் போன இன்ஜினில் கேம் போடுவது வீண் செலவு என்பது என் கருத்து.

ரீகிரைண்ட் கேமில் புதிதாக உலோகம் எதுவும் சேர்வதில்லை. வால்வைத் தள்ளும் முட்டைவடிவ மேடான லோபின் அடிவட்டத்தைக் குறைத்துத்தான் லிஃப்ட் (தூக்கும் உயரம்) வாங்குகிறார்கள். விட்டத்தில் 1 மி.மீ. அரைத்தால் லோப் லிஃப்டில் அரை மி.மீ. கூடும். இங்கேதான் ஆயுள் பற்றிய முதல் கேள்வி வருகிறது. வார்ப்புக் கேமின் மேல்தோல்தான் கடினமானது. அதை அதிகம் அரைத்துவிட்டால் உள்ளே இருக்கும் மெத்தென்ற இரும்பு வெளியே வந்துவிடும். அரைத்து வந்ததும் ஹார்ட்னஸ் (கடினத்தன்மை) பார்க்கச் சொன்னேன். ராக்வெல் சி அளவில் 50-ஐ ஒட்டி வந்தது, சரி.

அடுத்தது லோபின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் ராக்கர். அடிவட்டம் சுருங்கினால் ராக்கர் கொஞ்சம் கீழே சாயும், லோப் அதன் பேடில் உரசும் இடமும் தள்ளிப் போகும். பேடில் மார்க்கிங் புளூ தடவி, கிராங்கை ஸ்பேனரால் கையாலேயே சுற்றிப் பார்த்தோம். புளூ அழிந்த பட்டை ஒரு ராக்கரில் மட்டும் ஓரத்தை ஒட்டியும், மற்றவற்றில் நடுவிலும் இருந்தது. அந்த ஒன்றை மாற்றினோம். ஓரத்தில் உரசும் பேட் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே லோபின் மூக்கை, அதாவது உச்சியை, தேய்த்துவிடும். பிஸ்டனில் களிமண் ஒட்டி வால்வ் இடைவெளியும் பார்த்தோம். இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ. குறைந்தபட்சம் வேண்டும், இரண்டுமே தாராளமாக இருந்தன.

வால்வ் ஸ்பிரிங் விஷயத்தில் பட்டறை அண்ணன் பிடிவாதமாக இருந்தார். "ரேஸ் ஸ்பிரிங் போடாதீங்க தம்பி. இது ரோட்டுல ஓடற வண்டிங்க. டைட்டு ஸ்பிரிங் போட்டா லோப்புந் தேயும், பெல்ட்டும் இழுபடும்." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஸ்பிரிங்கின் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவும் லோபும் பேடும் உரசுகிற மெல்லிய கோட்டில்தான் விழுகிறது. புது ஸ்டாண்டர்டு ஸ்பிரிங் போட்டு, முழு லிஃப்டில் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இடைவெளி மிஞ்சுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டோம்.

கேமுக்கு மிகக் கொடுமையான நேரம் முதல் அரை மணி நேரம். லோபிலும் பேடிலும் மாலிப்டினம் பேஸ்ட் தடவி, ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில் இருபது நிமிடத்துக்கு மேல் ஏற்றி இறக்கி ஓட்டினோம். ஐடிலில் லோபுக்கு எண்ணெய் போதாது, மூக்கில் அழுத்தமும் அதிகம். ஆயில் தேர்விலும் கவனம் வேண்டும். இப்போதைய மெல்லிய பெட்ரோல் ஆயில்களில், ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) வகுத்த எஸ்எம், எஸ்என் தரத்துக்கு, பாஸ்பரஸை 800 பிபிஎம்முக்குள் கட்டிவைத்திருக்கிறார்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்றத்தான் இது. ஆனால் உரசி ஓடும் கேமுக்கு அந்த ஜிங்க்-பாஸ்பரஸ் சேர்மம்தான் கவசம். அந்தக் கட்டுப்பாடு கனமான கிரேடுகளுக்குக் கிடையாது. ஜிங்க் கூடுதலாக உள்ள ஒரு 20டபிள்யூ-50 ஆயிலையே ஊற்றுகிறேன்.

அப்புறம் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை. 2500-க்குக் கீழே பிக்கப் கொஞ்சம் செத்துவிட்டது, 4000-க்கு மேல் வண்டி வேறு ஆளாகிவிட்டது. ஆபத்து இங்கேதான். சக்தி மேலே இருப்பதால் காலும் அங்கேயே போகும். பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இழுக்கும் விசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறும். 6000-லிருந்து 7000-க்குப் போனால் 36 சதவீதம் கூடுதல். 75.5 மி.மீ. ஸ்ட்ரோக்கில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 15.1-லிருந்து 17.6 மீட்டராக ஏறும். பழைய ராட் போல்ட்டுக்கு இதெல்லாம் வேண்டாத சுமை. அதனால் ரெவ் லிமிட்டை (இன்ஜின் சுற்றும் உச்ச வரம்பை) ஏற்றவே இல்லை.

கம்ப்ரெஷன் 165 பக்கம் இறங்கியது. பார்த்தவர்கள் ரிங் போயிற்று என்றார்கள். இல்லை: இன்டேக் வால்வ் தாமதமாக மூடுவதால் கொஞ்சம் காற்று திரும்பிப் போகிறது. லீக் டவுன் பழைய அளவிலேயே நின்றது. கேம் மாற்றிய வண்டியை வாங்கப் பார்ப்பவர்கள் லீக் டவுனைத்தான் கேட்க வேண்டும்.

எனக்கு நிஜமாகவே கவலை கொடுத்தது ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக். வாரக்கணக்கில் டவுன் டிராஃபிக்கில் ஓட்டியபின் அதில் பெட்ரோல் வாசனை வந்தது. காரணம் ஓவர்லேப். இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடினால் ஐடிலில் வேக்யூம் குறையும். இன்டேக் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் அதைப் பார்த்து, இன்ஜினில் லோடு இருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டும். எரியாமல் எக்ஸாஸ்டுக்குள் போன காற்றை ஆக்ஸிஜன் சென்சார் பார்த்து, கலவை மெலிந்திருக்கிறது என்று இன்னும் கூட்டும். மிஞ்சிய பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும், தேய்வது ரிங். புகைச் சான்றிதழ் எடுத்தபோது எரியாத பெட்ரோலைக் காட்டும் ஹைட்ரோகார்பன் அளவு எகிறியிருந்ததும் இதையே சொன்னது. இன்ஜின் கம்ப்யூட்டரின் சிக்னலை மாற்றித் தரும் ஒரு பிக்கிபேக் பெட்டி போட்டுக் குறைந்த ஆர்பிஎம்மில் பெட்ரோலைக் குறைத்து, ஐடிலை 950-க்கு ஏற்றியபின் வாசனை போனது. பழைய வண்டியில் பெர்ஃபாமன்ஸ் கேம் என்றால் இந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். கேமை மட்டும் மாற்றிவிட்டு டியூனிங்கை அப்புறம் பார்க்கலாம் என்பது ரிங்கைப் பலி கொடுப்பது.

இப்போது ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் வால்வ் கவரைத் திறந்து, குளிர்ந்த இன்ஜினில் டாப்பெட் கேப்பை (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் விடும் இடைவெளியை) ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடால் அளந்து எழுதுகிறேன். இந்த நோட்டுதான் எனக்குப் பெரிய துணை. கேப் கூடினால் லோபோ பேடோ தேய்கிறது. குறைந்தால் வால்வ் சீட்டில் இறங்குகிறது. ஆயில் ஃபில்டரையும் வெட்டி, மடிப்புகளை வெயிலில் விரித்துப் பார்ப்பேன். முதல் ஃபில்டரில் மினுமினுப்பு இருந்தது, பழகும்போது அது சகஜம். அதற்குப் பின் வந்தவை சுத்தம். கேப்கள் பெரும்பாலும் அசையவில்லை. மூன்றாம் சிலிண்டர் எக்ஸாஸ்டில் ஒன்று மட்டும் 0.02 மி.மீ. கூடியிருக்கிறது. ஃபீலர் கேஜ் பிடிக்கும் கையின் வித்தியாசமே அவ்வளவு வரலாம். அடுத்த முறையும் அதே திசையில் போனால் அந்த லோபின் உயரத்தை மைக்ரோமீட்டரில் பார்த்துவிட்டு, ராக்கரையும் கழற்றுவேன்.