கத்திரி மதியத்தில் தேறினால்தான் ஓவர்கிளாக்

மார்கழி ராத்திரி, ஜன்னல் வழியே வாடைக்காற்று வீசும் நேரத்தில் ப்ராசஸரைக் கசக்கிச் சோதிக்கும் பிரைம்95 எட்டு மணி நேரம் ஓடியது என்பதை வைத்து ஓவர்கிளாக், அதாவது ப்ராசஸரை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது, நிலைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. ராமநாதபுரம் கடற்கரையில், கீழக்கரையிலோ மண்டபத்திலோ தொண்டியிலோ இருக்கிற கம்ப்யூட்டர், கத்திரி வெயிலில் மதியம் 2 மணியைத் தாண்டிக் காட்ட வேண்டும். கூலர் ப்ராசஸரின் சூட்டை அறைக்காற்றுக்குக் கடத்துகிறது, அவ்வளவுதான். அறை 10 டிகிரி ஏறினால் ப்ராசஸரும் 10 டிகிரி ஏறும். சற்றுக் கூடவே ஏறும், ஏனென்றால் சூடான சிலிக்கனில் லீக்கேஜ் கரண்ட் (வேலை செய்யாமலே கசியும் மின்சாரம்) அதிகம். ராத்திரி அறை 27 டிகிரி, ப்ராசஸர் 76 என்று வையுங்கள். மதியம் அறை 37 ஆனால் ப்ராசஸர் 86-ஐத் தாண்டிவிடும். ரைசன் 5 5600 ப்ராசஸருக்கு அதைத் தயாரிக்கும் ஏஎம்டி சொல்லும் உச்சவரம்பு 90. அதோடு, சூடு ஏற ஏற அதே வேகத்துக்குக் கூடுதல் வோல்ட்டேஜ் தேவைப்படும். ராத்திரி போதுமாக இருந்த வோல்ட்டேஜ் மதியம் போதாமல் போவது இதனால்தான்.

அந்த 5600-ஐயே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பி550 மதர்போர்டு இருந்தால் சரி, ஏ520-ல் ஓவர்கிளாக் செய்ய முடியாது. இன்டெல் என்றால் கே எழுத்துள்ள ப்ராசஸரும் இசட் வரிசை போர்டும் வேண்டும். பெட்டியோடு வரும் குட்டிக் கூலரை நம்பி நம் ஊரில் இதில் இறங்காதீர்கள். நாலு ஹீட்பைப், 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ள டவர் கூலராவது இருக்கட்டும்.

முதலில் பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் போர்டின் செட்டிங் திரை) எல்லாவற்றையும் டீஃபால்ட்டில் வைத்து, ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியையும் அணைத்துவிட்டு, ப்ராசஸர் வேகத்துக்கு ஸ்கோர் தரும் சினிபெஞ்ச் ஆர்23-ஐப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். ஸ்கோர், ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற சாஃப்ட்வேர் காட்டும் அதிகபட்ச வெப்பம், கேபினெட் காற்றை இழுக்கும் இடத்தின் வெப்பம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். சாதாரண அறைத் தெர்மாமீட்டர் ஒன்றை அங்கே தொங்கவிட்டால் போதும். இந்த மூன்றாவது எண்ணைப் பலரும் எழுதுவதில்லை. அது இல்லாமல் எந்த ரிசல்ட்டையும் இன்னொன்றோடு ஒப்பிட முடியாது.

பிறகு மல்டிப்ளையரை (பேஸ் கிளாக்கைப் பெருக்கும் எண்) 44-ல், கோர் வோல்ட்டேஜை 1.2-ல் வையுங்கள். பேஸ் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ் என்பதால் இது 4.4 கிகாஹெர்ட்ஸ். லோடு ஏறும்போது வோல்ட்டேஜ் சரியாமல் தாங்கும் லோட்லைன் கேலிப்ரேஷனை நடு அளவில் விடுங்கள். அதை உச்சத்தில் வைத்தால், லோடு சட்டென்று விழும்போது வோல்ட்டேஜ் ஒரு கணம் எகிறும். மல்டிப்ளையரை 0.25, 0.25 ஆக ஏற்றி ஒவ்வொரு முறையும் சினிபெஞ்ச் பத்து நிமிடம். நின்றுபோனால் வோல்ட்டேஜை 0.0125 கூட்டுங்கள். இந்த ப்ராசஸர்களில் வோல்ட்டேஜ் 0.00625 அளவுப் படிகளில் நகரும், ஆக இது இரண்டு படி. முழு லோடுக்கு 1.3-ஐத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து.

எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு கணக்கு. ப்ராசஸர் இழுக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேராகவும் வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு நேராகவும் ஏறும். 4.4-லிருந்து 4.6-க்குப் போக 1.2 வோல்ட்டை 1.3 ஆக்கினீர்கள் என்றால், வேகம் நாலரை சதவீதம்தான் கூடும். வாட் கிட்டத்தட்ட 23 சதவீதம் கூடும். அந்த 23 சதவீதமும் சூடாக மாறி, ஏற்கெனவே புழுங்கும் அறைக்குள்தான் வந்து விழும்.

எண்கள் நிலைத்த பிறகு உண்மையான பரீட்சை. மதியம் 1 மணிக்கு ஏசியை அணைத்து, வழக்கமான மின்விசிறி மட்டும் ஓடட்டும். பிரைம்95-ல் ப்ராசஸரை அதிகம் சூடாக்கும் ஸ்மால் எஃப்எஃப்டி சோதனை, 4 மணி வரை. கோர் திணறினால் கம்ப்யூட்டர் ஹேங் ஆக வேண்டும் என்றில்லை. பிரைம்95 தனித்தனியாக ஓட்டும் கணக்குகளில் (வொர்க்கர்) ஒன்று மட்டும் 'ரவுண்டிங் 0.5, எதிர்பார்த்தது 0.4-க்குக் கீழ்' என்ற பொருளில் ஒரு வரியைப் போட்டுவிட்டு நின்றுவிடும், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். திரையில் வேறெந்த மாற்றமும் தெரியாது. அதுவும் தோல்விதான். கணக்கைத் தப்பாகப் போடுகிற ப்ராசஸர், கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும்போது ஃபைலைக் கெடுக்கும். இது தேறிய பின்னரே எக்ஸ்எம்பியை ஆன் செய்து ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நாலு பாஸ், பிறகு பிரைம்95-ல் ரேமையும் சேர்த்துச் சோதிக்கும் பிளெண்ட் ஒரு ராத்திரி முழுக்க. ரேமையும் ப்ராசஸரையும் ஒன்றாக மாற்றிவிட்டால் எது காரணம் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

மல்டிப்ளையரைத் தொடாமல், ஒவ்வொரு கோரின் வோல்ட்டேஜையும் தனித்தனியே குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் வைப்பவர்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில் வரும். முழு லோடில் தேறிவிட்டு, சும்மா பிரவுசர் பார்க்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குத் தாவும் நேரத்தில்தான் வோல்ட்டேஜ் பற்றாமல் போகும். அதற்கு, கோர்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் கோர்சைக்ளரை ராத்திரி முழுக்க ஓட்ட வேண்டும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ஹ்வியா-லாகர் (WHEA-Logger) 18 என்று ஹார்டுவேர் பிழைப் பதிவு ஒன்று இருந்தால், அதிலுள்ள ஏபிக் (APIC ID) எண்ணை இரண்டால் வகுத்து மீதியை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அதுதான் திணறும் கோரின் எண். 5 என்றால் கோர் 2. அந்த ஒரு கோருக்கு மட்டும் மைனஸை மூன்று, நாலு குறையுங்கள், அதாவது பூஜ்ஜியத்தை நோக்கி நகர்த்துங்கள்.

ரீஸ்டார்ட் எல்லாவற்றுக்கும் ஓவர்கிளாக் மேல் பழி போட வேண்டாம். ஹ்வியா பதிவு இல்லை, ப்ளூ ஸ்கிரீன் இல்லை, முறையாக அணையாமல் நின்றதைச் சொல்லும் கெர்னல்-பவர் 41 பதிவு மட்டும் இருக்கிறது, அதே நிமிடத்தில் டியூப் லைட்டும் சிமிட்டியது என்றால், கரண்ட்டைச் சந்தேகியுங்கள். அதே செட்டிங்கில் யூபிஎஸ் மூலம் மறுபடி ஓட்டிப் பாருங்கள். கடைகளில் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து இழுத்தால், கரண்ட் போன அந்த நொடியே அது கைவிட்டுவிடும்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கரையில் ஓவர்கிளாக் பற்றிப் பேச முடியாது. மழைக்காலத்தில் அடுப்படி ஜாடியில் உப்பு தானாகக் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கரையும். ஹீட்சிங்க் தகடுகளுக்கிடையே படிந்த தூசியிலும் இதுவே நடக்கிறது. அது காய்ந்த தூசி போல ஊதினால் பறக்காது. பிசினாக ஒட்டிக்கொண்டு காற்றை அடைக்கும், அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். நிக்கல் பூசிய ஹீட்சிங்க் வாங்கச் சொல்வது இதனால்தான். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் கச்சான் (மேற்கு, தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களிலும், தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வாடை மாதங்களிலும் கூலரைக் கழற்றி மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். நோட்டில் எழுதிய எண்களோடு ஒப்பிட்டு, அதே அறை வெப்பத்தில் 5 டிகிரி கூடியிருந்தால் நாளைத் தள்ளாதீர்கள். ரேம் முனையை அழிரப்பரால் தேய்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்தத் தங்கப்பூச்சு மிக மெல்லியது, தேய்ந்தால் உப்புக்காற்று அடியிலுள்ள உலோகத்தைப் பிடித்துவிடும். 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்தால் போதும்.

ஏசி அறையில் 20 டிகிரியில் ராத்திரி முழுக்க அணைந்து கிடந்த கம்ப்யூட்டரை, காலையில் ஜன்னலைத் திறந்த கையோடு ஆன் செய்யாதீர்கள். குளிர்ந்த உலோகத்தின் மேல் கடல்காற்று வியர்த்திருக்கும். அரை மணி நேரம் விடுங்கள்.

பயாஸில் ப்ரொஃபைல் சேமிக்கும் வசதி இருக்கிறது. இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். மதியப் பரீட்சையில் தேறியது 'கத்திரி', அதற்கு மேல் 100 மெகாஹெர்ட்ஸ் கூட்டிக் குளிர்காலத்தில் தனியாகச் சோதித்தது 'வாடை'. பங்குனி பிறக்கும்போது கத்திரிக்கு மாற்றிவிடுங்கள். பயாஸ் அப்டேட் செய்தால் பல போர்டுகளில் இரண்டும் அழிந்துபோகும் என்பதால், எண்கள் நோட்டிலும் இருக்கட்டும்.