உறையூர்ச் சுருட்டு, திருவையாற்றுப் பிற்பகல்

திருச்சிக்கு வருகிறவர்கள் மலைக்கோட்டை ஏறுகிறார்கள், திருவரங்கம் போகிறார்கள், நேரம் மிஞ்சினால் கல்லணை. உறையூர்ப் பக்கம் திரும்புகிறவர்களில் பெரும்பாலானோர் வெக்காளியம்மனைக் கும்பிட வருகிறவர்கள். கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் வீற்றிருக்கும் அம்மன். இன்னும் சிலர் கைத்தறிச் சேலைக்காக வருவார்கள். சுருட்டு வாங்க உறையூர் போக வேண்டும் என்றதும் ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "சாமிக்கா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. காவிரிப் படுகை கிராமங்களில் கருப்பசாமிக்கும் முனீஸ்வரனுக்கும் படையல் போடும்போது சாராயத்தோடும் கறிச்சோற்றோடும் சுருட்டையும் வைப்பார்கள். அருள் வந்தவர் அதை வாங்கிப் புகைத்தபடியே வாக்குச் சொல்வார். சுருட்டுப் புகைக்கும் மனிதர்கள் குறைந்து போன காலத்தில், சாமிகள்தாம் இந்தத் தொழிலைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். நான் எனக்காக வாங்கப் போகிறேன் என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

நான் போன சுருட்டுக் கம்பெனி ஒரு பழைய ஓட்டு வீடு. தெருவிலேயே வாசனை வந்துவிடுகிறது. பீடிக் கடையின் நெடி வேறு, சிகரெட்டுப் புகையின் நெடி வேறு. இது பற்றவைக்காத இலையின் மணம். காய்ந்த வைக்கோல், வெல்லப்பாகு, அவற்றுக்குப் பின்னால் மூக்கின் உச்சியைத் தொடும் ஒரு காரம். உள்ளே தரையில் பாய் விரித்து, ஆளுக்கொரு பலகை, ஒரு கத்தி, ஒரு பசைக் கிண்ணம் என்று உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் வயது அறுபதுக்கு மேல் இருக்கும். ஓரத்தில் இரண்டு பெண்கள் இலையின் நடுக்காம்பை உரித்துக்கொண்டிருந்தார்கள். நுனியில் லேசாகக் கிள்ளி, இலை கிழியாமல் காம்பை ஒரே இழுப்பில் எடுத்துவிடுகிறார்கள். இரண்டு பாதிகளும் தனித்தனியே அடுக்கப்படுகின்றன.

அந்த இரண்டு பாதிகளை ஏன் கலக்கக் கூடாது என்று அங்கே பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். மேலே சுற்றும் இலையின் நரம்புகள் சுருட்டின் நீளவாக்கில் ஓட வேண்டும். அதனால் இலையின் ஒரு பாதியை வலமாகச் சுற்றினால் மறு பாதியை இடமாகச் சுற்ற வேண்டும். பெரியவர் ஒருவர் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து காட்டினார். அவருடைய கைக்கு இரண்டு திசையும் ஒன்றுதான்.

நல்ல சுருட்டு எங்கே செய்தாலும் அதற்கு மூன்று அடுக்குகள் உண்டு: உள்ளே வைக்கும் இலை, அதைப் பிடித்துக் கட்டும் இலை, மேலே சுற்றும் இலை. உள் இலையை அடுக்குவதில்தான் கைவேலை தெரிகிறது. ஒவ்வோர் இலையையும் மடித்து, நடுவே காற்று போக வழிவிட்டு அடுக்க வேண்டும். இறுகினால் இழுக்க முடியாது. தளர்ந்தால் காற்று அதிகம் புகுந்து சுருட்டு சூடேறி, வேகமாக எரிந்து கசக்கும். பெரியவர் தாம் சுற்றிய ஒன்றை இரண்டு விரலால் நீளம் முழுவதும் அழுத்திப் பார்த்தார், ஓரிடத்தில் நிறுத்தினார், யோசிக்காமல் மேல் இலையைப் பிரித்துவிட்டார். உள்ளே தீக்குச்சிப் பருமனில் ஒரு காம்புத் துண்டு இருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி சுற்றினார். இயந்திரத்தில் வந்த சுருட்டில் அந்தக் காம்பு அப்படியே இருந்திருக்கும், புகைப்பவன் நாக்கில்தான் தெரிந்திருக்கும்.

மூலையில் ஒரு வானொலி ஓடிக்கொண்டிருந்தது. கியூபாவின் ஹவானாவில் 1865-லிருந்து சுருட்டுத் தொழிற்சாலைகளில் ஒருவர் மேடையில் அமர்ந்து காலையில் செய்தித்தாளும் பிறகு நாவலும் உரக்க வாசிப்பார். அவருக்கான கூலியைத் தொழிலாளர்களே தங்களுக்குள் பிரித்துக் கொடுத்தார்கள். 1935-இல் தொடங்கிய மோன்டெகிறிஸ்டோ சுருட்டுக்கு அந்தப் பெயர் வந்ததே, அங்கே வாசிக்கப்பட்ட 'மோன்டெகிறிஸ்டோ பிரபு' என்ற நாவலின் மீது தொழிலாளர்களுக்கு இருந்த பிரியத்தால்தான் என்பார்கள். கை வேலை செய்யும்போது காதுக்கு ஒரு துணை வேண்டியிருக்கிறது, கியூபாவிலும் உறையூரிலும்.

உறையூரைச் சுற்றிலும் காவிரியும் உய்யகொண்டான் வாய்க்காலும் நெல்லும் வாழையும்தான். புகையிலை இங்கே விளைவதில்லை, திண்டுக்கல் பக்கத்திலிருந்து வருகிறது. சுருட்டுப் புகையிலைக்கும் மெல்லும் புகையிலைக்குமான ஆராய்ச்சி நிலையம்கூட அந்தப் பக்கம் வேடசந்தூரில்தான் இருக்கிறது, 1948-லிருந்து. படுகையின் மறு கோடியில், கடலோரத்தில், வேதாரண்யம் புகையிலை இருக்கிறதே, அதை ஏன் சுருட்டாக்கவில்லை என்று கேட்டேன். "அது வெற்றிலைக்குத்தான் தம்பி, நெருப்புக்கு ஒத்துவராது" என்றார் பெரியவர். அவர் அனுபவத்தில் சொன்னதற்கு வேளாண்மையில் விளக்கம் உண்டு. மண்ணிலும் நீரிலும் உப்பு ஏற ஏற இலையில் குளோரைடு கூடும். குளோரைடு கூடிய இலை சீராக எரியாது, கங்கு அணைந்துகொண்டே இருக்கும். வாயில் அடக்குகிறவருக்கு அதனால் குறையொன்றும் இல்லை.

திருச்சி ஏன் சுருட்டு ஊரானது என்பதற்கு ஆற்றைவிட ரயிலும் படையும் முக்கியமான காரணங்கள் என்று நான் நினைக்கிறேன். இங்கே ஆங்கிலேயரின் தண்டு, அதாவது படைமுகாம், இருந்தது, புகைக்கும் சிப்பாய்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். 1861-62-இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி வரை இருப்புப்பாதை வந்துவிட்டது. சரக்கு துறைமுகத்துக்குப் போக வழி பிறந்தது. விக்டோரியா காலத்து லண்டனில் திருச்சிச் சுருட்டு எவ்வளவு பழகிய பொருளாக இருந்தது என்பதற்கு ஒரு சான்று போதும்: 1887-இல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையில், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டு என்று அவர் சொல்லிவிடுகிறார். கருநிறம், செதில் செதிலாக உதிரும் தன்மை, இவைதாம் அடையாளம். சர்ச்சிலுக்கும் இங்கிருந்து சுருட்டு போனது என்று உறையூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லும்போது அவர்கள் முகத்தில் வரும் பெருமையைப் பார்க்க வேண்டும்.

இலையைப் பாடம் செய்வது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ருசி அங்கேதான் பிறக்கிறது. உலர்ந்த இலையை அம்பாரமாக அடுக்கி வைக்கிறார்கள். ஈரம் போகாத வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறுமே, அதே சங்கதிதான் இங்கும் நடக்கிறது. சூடு ஏறியதும் அம்பாரத்தைப் பிரித்து, அடி இலையை மேலாகவும் மேல் இலையை அடியாகவும் மாற்றி அடுக்க வேண்டும். இப்படி மாற்ற மாற்ற இலையின் பச்சை நெடியும், மூக்கை எரிக்கும் அம்மோனியாவும் வெளியேறுகின்றன. அவசரப்பட்டு எடுத்த இலையைப் பற்றவைத்தால் முதல் இழுப்பிலேயே கண்ணில் நீர் வந்துவிடும். மலிவான சுருட்டைப் புகைத்துவிட்டு "சுருட்டு என்றாலே இப்படித்தான்" என்று பலர் வாழ்நாள் முழுக்க ஒதுங்கிவிடுவது இதனால்தான். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கல்லணை வழியாகக் கிளம்பினேன். சம்பா அறுவடை முடிந்த மாசி மாதம். சாலையின் இரு பக்கமும் நெல் அடித்தாளில் உளுந்து முளைத்து நின்றது. காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளியைத் தாண்டி, திருவையாற்றுக்கு அருகே ஒரு நண்பரின் ஊர். பொது இடத்தில் புகைக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை, எனக்கும் பிறர் மூக்கில் புகை விடப் பிடிக்காது. நண்பரின் வயலில், மோட்டார்க் கொட்டகைக்குப் பக்கத்துப் புங்கமரத்தடியில், வைக்கோல் போருக்கு நல்ல தூரத்தில் கயிற்றுக் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள்.

முதல் நாள் மாலை, நண்பர் துபாயிலிருந்து கொண்டுவந்திருந்த மோன்டெகிறிஸ்டோ நான்காம் எண்ணைப் பிரித்தோம். நீளம் 129 மில்லிமீட்டர், பருமன் 42. இந்தக் கணக்கில் ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி அதில் 42 பங்கு, அதாவது ஏறக்குறைய 16.7 மில்லிமீட்டர். கியூபாவில் ஒரே செடியின் இலைகளையே உயரம் பார்த்துப் பிரிப்பார்கள். அடி இலை எளிதில் எரியும், நடு இலை மணம் தரும், வெயிலை முழுதாக வாங்கிய உச்சி இலை மெதுவாக எரிந்து காரம் தரும். அந்தக் கலவை அதில் தெரிந்தது. தொடக்கத்தில் பாலேடு போன்ற மென்மை, பாதியில் வறுத்த காபிக்கொட்டை, கடைசியில் மெல்ல ஏறும் மிளகு. அருமையான சுருட்டு, அதில் எனக்கு மறுப்பில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் உறையூர்ச் சுருட்டு. வெறும் வயிற்றில் இதைத் தொடக் கூடாது, கிறுகிறுத்துவிடும். நண்பரின் பெரியப்பா வந்து உட்கார்ந்தார். நாற்பது வருடம் புகைத்துவிட்டு, மருத்துவர் சொன்னதும் விட்டவர். பற்றவைக்காத சுருட்டை வாங்கி மூக்கருகே நீளவாக்கில் நகர்த்தினார். "இலை நன்றாக ஆறியிருக்கிறது" என்றார். காதருகே வைத்து மெல்ல உருட்டினார். சரசரவென்று சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது என்று பொருளாம். சத்தம் இல்லை. காற்று வரும் பக்கமாகக் கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

பற்றவைப்பதற்கு அவர் சொன்ன முறை: தீக்குச்சியைக் கிழித்ததும் கந்தக நெடி போகும் வரை பொறு. நெருப்பின் நுனிக்குச் சற்று மேலே சுருட்டின் முனையைப் பிடித்து, சுற்றிச் சுற்றி வாட்டு. விளிம்பு முழுக்கக் கங்கு பிடித்த பிறகே வாயில் வை. புகையை நெஞ்சுக்குள் இழுக்காதே, வாயிலேயே நிறுத்தி வெளியே விடு. "ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவே ஒரு பேச்சு முடிய வேண்டும் தம்பி." மேல்நாட்டு ரசிகர்கள் நிமிடத்துக்கு ஒரு முறை என்று எழுதுகிறார்கள். பெரியப்பாவின் கணக்கு எனக்கு அதைவிடப் பிடித்திருக்கிறது.

முதல் பங்கில் கருக்கிய மிளகு, நேரடியாக, ஒளிவுமறைவு இல்லாமல். ஹவானாவைப் போல அது மெதுவாக அறிமுகமாகிக்கொள்வதில்லை. பாதிக்கு வரும்போது காரம் ஒதுங்கி, உலர்ந்த திராட்சையும் வெல்லத்தின் அடிப்பாகும் வந்தன. வாயில் ஒரு வறட்சி தங்குகிறது. ஒரு வாய் மோர் குடித்தேன், ருசி மறுபடி தெளிந்தது. கும்பகோணம் காபியோடும் முயன்றேன். பாலின் இனிப்பும் சிக்கரியின் கசப்பும் இந்தப் புகையோடு நன்றாகப் பொருந்துகின்றன, கருங்காபி தேவையில்லை. கடைசிப் பங்கில் இலை சூடாகி, மரப்பட்டைக் கசப்பு தலைகாட்டியது. அதற்கு மேல் இழுப்பது சுருட்டுக்கும் மரியாதை இல்லை. சாம்பல் கருஞ்சாம்பல் நிறத்தில் சிறு செதில்களாக உதிர்ந்தது. ஹோம்ஸ் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

இதை ஹவானாவின் அளவுகோலால் அளந்து, "இரண்டாம் தரம்" என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேறு மண், வேறு இலை, இரண்டு முனையும் நறுக்கப்பட்ட வேறு வடிவம். மென்மை இதன் நோக்கமே இல்லை. சோறும் கறியும் காரமும் உண்ட நாக்குக்காகச் செய்யப்பட்டது இது. அந்த நாக்கோடு உட்கார்ந்து பார்த்தால் இதன் திடமும் நேர்மையும் விளங்கும். பருமன் ஒன்றுக்கொன்று சற்று மாறுவதும், ஒரு பக்கம் முந்தி எரிவதும் உண்டு. அவை உண்மையான குறைகள்தாம். நல்ல கூலியும் கற்றுக்கொள்ள இளைஞர்களும் இருந்தால் தீரக்கூடிய குறைகள். உரிக்கும் பெண்களின் விரல்கள் பழுப்பேறியிருந்தன, இலைத்தூசியில் ஒருவர் இருமிக்கொண்டே இருந்தார். அவர்களுக்குக் காற்றோட்டமான இடமும் முகமூடியும் தருவது பெரிய செலவில்லை. கைவேலையைப் போற்றுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

புகையிலை புற்றுநோய் தரும் பொருள் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். புகையை உள்ளிழுக்காவிட்டாலும் வாய்க்கும் தொண்டைக்கும் ஆபத்து உண்டு. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு சிகரெட்டுப் பெட்டி அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். புகைக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். உறையூர் போய்ச் சுற்றுவதைப் பார்ப்பதும், பெரியப்பாவைப் போல முகர்ந்து பார்ப்பதுமே நிறைந்த அனுபவம். எனக்கும் இது எப்போதாவது ஒரு பிற்பகலுக்கு மட்டும்தான்.

வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையில் போங்கள், வேலை நடப்பதைப் பார்க்கலாம். கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். சுருட்டை விரலால் நீளம் முழுக்க அழுத்திப் பாருங்கள், மெத்தென்ற இடமோ முடிச்சோ இருக்கக் கூடாது. நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் சுருட்டு பூஞ்சை பிடிக்கும், சித்திரை வெயிலில் சருகாகும். காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காடு என்பது சுருட்டுக்கு ஏற்ற அளவு. வெப்பம் ஏறினால் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டை பொரிந்து துளை போட்டுவிடும். ஆகவே இறுக மூடும் டப்பாவில், வீட்டின் குளிர்ந்த அறையில் வையுங்கள். கற்பூரமும் ஊதுவத்தியும் பக்கத்தில் வேண்டாம், இலை அந்த மணத்தை வாங்கிக்கொள்ளும். சுற்றி எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டு, சில மாதமாவது ஆறிய கட்டாகக் கேளுங்கள். புதிதாகச் சுற்றியதுதான் இருக்கிறது என்றால் அதையே வாங்கி வந்து, சில மாதம் நீங்களே வைத்திருங்கள்.