5400-ஆ, 7200-ஆ: இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு வாரம்

லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கை மாற்றப் போனால், முதலில் மல்லுக்கு நின்றது டிஸ்க் இல்லை, ஸ்க்ரூ. ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊரில், கடலுக்குப் பக்கத்திலேயே வீடு. லேப்டாப்பின் அடி மூடியில் நான்கில் மூன்று ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தன. ஒன்றின் தலை வழுக்கியே போய்விட்டது. தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, டீ குடித்துவிட்டு வந்து திருகினேன்.

இரண்டுமே இரண்டரை அங்குலம், 500 ஜிபி. பழையது நிமிடத்துக்கு 5400 சுற்று, செகண்ட் ஹேண்டில் வாங்கியது 7200. தகவல் பதியும் தட்டு ஒரு முறை சுற்ற முன்னதற்கு 11.1 மில்லி விநாடி, பின்னதற்கு 8.3. கேட்ட தகவல், அதைப் படிக்கும் ஹெட்டுக்கு அடியில் வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். மிச்சமாவது ஒன்றரை மில்லி விநாடிகூட இல்லை. இதற்கா காசு என்று தோன்றியது.

லினக்ஸில் படிக்கும் வேகத்தை அளந்தேன். தொடக்கத்தில் 5400 விநாடிக்கு 86 எம்பி, 7200 அதே இடத்தில் 112. சரி, பரவாயில்லை. ஆனால் 7200-இன் கடைசிப் பகுதியை அளந்தால் 57! மெதுவான டிஸ்க்கின் தொடக்கத்தைவிடக் குறைவு. காரணம் எளிது: தட்டின் வெளி வட்டம் பெரியது, ஒரே சுற்றில் அதிக தகவல் ஹெட்டைக் கடக்கும், உள்ளே போகப் போக வட்டம் சுருங்கும். டிஸ்க் வெளியிலிருந்துதான் நிரம்பத் தொடங்கும். அதனால் முதல் 100 ஜிபியை சிஸ்டத்துக்கு ஒதுக்கினேன். தனுஷ்கோடியில் எடுத்த பூநாரைப் படங்கள் எல்லாம் பின்னால்.

சூடுதான் தொல்லை. மதியம் கரண்ட் போய் ஃபேன் நின்றதும் 7200 ஐம்பத்திரண்டு டிகிரி காட்டியது. 5400 நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை.

படகு வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்தார். டிஸ்க்கின் மேல் இருந்த சின்ன ஓட்டையைக் காட்டி, "ஏன் தம்பி, இது வழியா உப்புக்காத்து போகாதா?" என்றார். நல்ல கேள்வி. உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமமாக இருக்க வைத்த ஓட்டை அது, அடைக்கக் கூடாது. பின்னால் இருக்கும் வடிகட்டி தூசியைத் தடுக்கும், ஈரத்தை முழுசாகத் தடுக்காது.

சுற்றும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி வாங்கினால் இந்தச் சண்டையே இல்லை, தெரியும். இப்போதைக்கு 7200 லேப்டாப்புக்குள். 5400 ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பாக்கெட்டோடு டிபன் டப்பாவில், பூநாரைகளின் இன்னொரு பிரதியோடு. நான்காவது ஸ்க்ரூவுக்குப் பதில் செலோடேப்.