செம்பனைக் கரியில் தாமிரம் பிடித்துப் பார்த்தது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானை (குடியிருப்பை) தாண்டினால் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். காய் உதிர்த்த வெறுங்குலை, உடைத்த கொட்டை ஓடு என்று கழிவுக்குப் பஞ்சமில்லை. பேராக்கில் வெள்ளீயம் தோண்டிய பழைய குட்டைகளும் நிறைய. வெள்ளீயத் தாதுவோடு ஆர்சனிக் கலந்த கனிமங்களும் சேர்ந்து வருவதுண்டு. இந்தக் கழிவைக் கரியாக்கினால் தண்ணீரிலுள்ள உலோகத்தைப் பிடிக்குமா என்று பார்க்கத்தான் இறங்கினேன்.

ஆலையில் வேலை செய்யும் மாமாவிடம் கேட்டேன். "பாய்லருக்குப் போறதுதானேப்பா, ஒரு மூட்டை எடுத்துக்கோ" என்றார். வெறுங்குலையை நார் நாராகப் பிய்த்து வெயிலில் காயவைத்தேன். ஈரம் இருந்தால் வெறும் புகைதான் வரும். திறந்தவெளி எரிப்பை 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கிறது. அதனால் குவித்துக் கொளுத்தாமல், மூடி போட்ட பிஸ்கட் டின்னில் ஆணியால் ஒரு துளை போட்டு, அதை விறகடுப்புக்குள் வைத்தேன்.

முதலில் துளை வழியாக வெள்ளை ஆவி வரும். பிறகு மஞ்சள் புகை. அது தானே பற்றிக்கொண்டு, விரல் நீளத்துக்குச் சுவாலை 'புஸ்' என்று சீறும். சுவாலை அடங்கினால் வேலை முடிந்தது. ஆறும்வரை மூடியைத் தொடக்கூடாது. காற்றுப் பட்டால் சூட்டுக் கரி எரிந்து சாம்பலாகிவிடும்.

காரீயம், காட்மியம் போன்றவற்றை வீட்டுக்குள் கொண்டுவர எனக்கு மனமில்லை. உரக்கடையில் கிடைக்கும் மயில்துத்தத்தை (தாமிர சல்பேட்) லிட்டருக்கு 1 கிராம் கரைத்தேன். அதில் சுமார் 250 மில்லிகிராம் தாமிரம் இருக்கும். கழுவாத குலைக்கரி 50 கிராம் போட்டதும் நீலம் போய்விட்டது. அடியில் பச்சை கலந்த நீல வண்டல். இதைக் கரியின் சாதனை என்று நான் எண்ணவில்லை. கரியிலுள்ள சாம்பல் தண்ணீரைக் காரமாக்க, தாமிரம் திரிந்து கீழே இறங்கியிருக்கிறது. பிறகு அமிலம் சேர்ந்தால் மறுபடியும் கரைந்துவிடும்.

அதனால்தான் இன்னொரு பங்கை வினிகர் கலந்த தண்ணீரிலும் பிறகு வெறும் தண்ணீரிலும் அலசி, பிஎச் தாள் நடுநிலை காட்டும்வரை விடாமல் கழுவி வைத்திருந்தேன். அந்தக் கரி மெதுவாகத்தான் வேலை செய்தது. மறுநாள் நீலம் நன்றாக வெளுத்திருந்தது, வண்டல் இல்லை. கொட்டை ஓட்டுக் கரி பார்க்கக் கெட்டியாக, பளபளவென்று இருந்தாலும் குலைக்கரி அளவுக்குப் பிடிக்கவில்லை.

கண்ணுக்கு நீலம் தெரியாதது போதாது. குடிநீரில் தாமிரத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம். அவ்வளவு குறைந்ததைக் கண் காட்டாது. தெளிந்த நீரில் அமோனியா சில சொட்டு விட்டேன், பளிச்சென்று கருநீலம் ஏறியது. இன்னும் தாமிரம் இருக்கிறது. யாரும் தயவுசெய்து இப்படி வடித்த தண்ணீரைக் குடித்துப் பார்க்க வேண்டாம். உலோகம் பிடித்த கரியைச் செடிக்கும் போடக்கூடாது. என்னுடையது மூடிய டப்பாவில் தனியாக இருக்கிறது.

ஆர்சனிக் வேறு வகை. தண்ணீரில் அது பல வேளைகளில் எதிர்மின்னேற்றத்தோடு இருக்கும், சாதாரணக் கரியின் பரப்பும் பெரும்பாலும் அப்படித்தான், ஒன்றையொன்று தள்ளிவிடும். கரியில் இரும்பு பூசினால் பிடிக்கும். இப்போது ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்புக் கரைசலில் ஊறிய குலைக்கரி காய்ந்துகொண்டிருக்கிறது. ஆர்சனிக்கைத் தொடமாட்டேன். பாஸ்பேட்டும் இரும்பிடம் ஏறக்குறைய அதே மாதிரி ஒட்டும் என்பதால், மீன்தொட்டிக் கடையில் விற்கும் பாஸ்பேட் சோதனைப் பெட்டியை வாங்கி வைத்திருக்கிறேன்.