கொரிய எண்கள்: மணிக்கு ஒன்று, நிமிடத்துக்கு வேறொன்று

ஹானா, தூல், செத், நெத்... பத்து வரை சொல்ல ஒரு சாயங்காலம் போதும். டேக்வாண்டோ வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் பலருக்கு இது ஏற்கெனவே மனப்பாடம். அதற்கு அப்புறம்தான் இன்னொரு வரிசை வந்து நிற்கிறது: இல், இ, சாம், சா. முன்னது கொரியர்களின் சொந்தச் சரக்கு, பின்னது சீனத்திலிருந்து வந்தது. இரண்டுமே அன்றாடப் புழக்கத்தில் இருப்பதால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள முடியாது.

பாடநூல்கள் இரண்டையும் அருகருகே கட்டம் போட்டுக் காட்டும். நான் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். எண்ணைத் தனியாக உருப்போடக் கூடாது, எண்ணப்படும் பொருளோடு சேர்த்தே வாயில் ஏற்ற வேண்டும் என்பது என் கட்சி. கோப்பையில் குடிப்பதென்றால் ஹன் ஜன், தூ ஜன். ஆட்களுக்கு ம்யோங், மரியாதைக்குரியவர்களுக்கு பூன், விலங்குகளுக்கு மாரி, புத்தகத்துக்கு க்வொன். இவை எல்லாவற்றுக்கும் சொந்த எண்தான். ஹானா என்பது ஹன் என்று குறுகுவதைப் பார்த்து மிரள வேண்டாம். நம் 'ஒன்று' பெயருக்கு முன்னால் 'ஒரு' ஆகிவிடவில்லையா?

கடிகாரம்தான் நல்ல வாத்தியார். மூன்று மணி முப்பது நிமிடம் என்பது சே ஷி சாம்ஷிப் பூன். மணிக்குச் சொந்த எண், நிமிடத்துக்குச் சீன எண். ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லியாக வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் சத்தமாகச் சொல்வேன். வீட்டில் முதலில் சிரித்தார்கள், இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

மாதம், தேதி, பணம், தொலைபேசி எண் எல்லாம் சீன வரிசையில்தான்.

கணக்கு எழுதுவது என் பிழைப்பு என்பதால் பெரிய தொகைகளில்தான் எனக்கு ருசி. கொரியர்கள் எழுதும்போது மூன்று இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி போடுகிறார்கள். வாசிக்கும்போதோ நான்கு நான்காகப் பிரிக்கிறார்கள். 10,000 ஒரு மன். நம் லட்சம் அவர்களுக்குப் பத்து மன், அதாவது ஷிப் மன், காதில் விழுவது 'ஷிம்மன்'. கோடி என்பது ஆயிரம் மன், சொன்மன். பத்துக் கோடிக்குத்தான் ஒக் என்று அடுத்த பெயர் வருகிறது. தென் கொரியாவின் மக்கள்தொகை சுமார் ஐந்து கோடி, அதாவது ஓச்சொன்மன். லட்சத்தையும் கோடியையும் மில்லியனாக மாற்றி, அதை மறுபடி மன் ஆக்குவது வீண் சுற்று. லட்சத்திலிருந்து நேராக மன்னுக்குத் தாவுங்கள், ஒரு சுழியம்தான் வித்தியாசம். இதற்குப் பயிற்சி வேண்டுமா? கொரியத் தொலைக்காட்சியில் பொருள் விற்கும் நிகழ்ச்சிகளைப் பாருங்கள். 39,900 வொன் என்று திரையில் நிற்கும், சாம்மன் கூசொன் கூபெக் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

சொந்த எண்கள் 99-ஓடு நின்றுவிடுகின்றன. நூறுக்கு 'ஒன்' என்று ஒரு பழஞ்சொல் இருந்தது, சீன 'பெக்' அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதனால் நூற்று ஒன்றாவது பொருளை எண்ணும்போது தலை சீனம், வால் கொரியம்.

நாள்களை எண்ண இன்னொரு தனி வரிசை: ஹாரு, இதுல், சாஹுல், நாஹுல். இதில் சாஹுல் மூன்று நாள். சீன வரிசையில் 'சா' என்றால் நான்கு! 2020-ல் அரசு ஆகஸ்ட் 17-ஐ விடுமுறையாக அறிவித்தபோது, 15-லிருந்து சாஹுல் விடுமுறை என்று செய்திகள் வந்தன. நான்கு நாள் என்று நினைத்தவர்களும் குழம்பியவர்களும் தேடித் தேடி, அந்தச் சொல் கொரிய இணையத்தில் தேடல் பட்டியலின் உச்சிக்கே போய்விட்டது. தேடியவர்கள் எல்லாம் கொரியர்கள்தான். எனக்கு அன்று ரொம்பவே ஆறுதலாக இருந்தது.