ரூஸ்வெல்ட் அவென்யூ மாலை வகுப்பு

செப்டம்பர் 12, 2023, செவ்வாய்

புதுப் பருவம் இன்று தொடங்கியது. நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதி, ஜாக்சன் ஹைட்ஸில் 7ஆம் எண் ரயில் தலைக்கு மேலே தடதடக்கும் ரூஸ்வெல்ட் அவென்யூ, அதற்குப் பின்தெருவில் ஒரு மாடி. பகலில் அங்கே வாடகைத் தகராறு, குடியுரிமை விண்ணப்பம் என்று கூட்டம் வரும், ஆறு மணிக்கு மேல் இடம் எங்களுக்கு. பள்ளிப் படிப்பை முடிக்காத பெரியவர்களை, பள்ளியிறுதிக்குச் சமமான ஜி.இ.டி. தேர்வுக்குத் தயார் செய்வது என் வேலை. ஊரில் யாராவது கேட்டால் "பத்தாவது பிரைவேட்டா எழுதுற மாதிரி" என்று சொல்லி முடித்துவிடுவேன். முழுக்கச் சரியில்லை, ஆனால் அதற்கு மேல் போனில் விளக்க முடியாது.

நாலு தாள்: கணக்கு, மொழி, அறிவியல், சமூக அறிவியல். ஒவ்வொன்றிலும் மதிப்பெண் 100இல் தொடங்கி 200 வரை, 145 வந்தால் தேறியாயிற்று. நாலையும் ஒரே நாளில் எழுத வேண்டியதில்லை, நியூயார்க்கில் கட்டணமும் கிடையாது. 2014 முதல் 2021 வரை இந்த மாநிலத்தில் டாஸ்க் என்ற வேறு தேர்வு இருந்தது, 2022இல் மறுபடி ஜி.இ.டி.க்கே வந்தார்கள். அலமாரியில் பாதி இன்னும் டாஸ்க் புத்தகங்கள்தான். பின்னம் எந்தத் தேர்விலும் பின்னம்தானே என்று வைத்திருக்கிறேன்.

முதல் நாளே டேப் தேர்வு. யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று பார்க்க. இருபது வருஷம் கழித்து வகுப்பறைக்குள் வருகிறவரை உட்காரச் சொன்ன கையோடு பரீட்சைத் தாளைக் கொடுப்பது எனக்கு எப்போதும் பிடிக்காத காரியம். ஆனால் அரசு நிதிக்கு அந்த எண் வேண்டும், குறைந்தது 40 மணி நேரம் பாடம் நடத்தியபின் மறுபடி வைத்து எண் ஏறியிருக்கிறதா என்றும் காட்ட வேண்டும். இன்று ஒருவர் பாதியில் எழுந்து, "போன் வந்திருக்கு" என்று வெளியே போனார், திரும்பவில்லை.

செப்டம்பர் 21, வியாழன்

கணக்கு. அறை 12 அடி நீளம், 9 அடி 6 அங்குலம் அகலம், தரைக்கு எத்தனை சதுர அடி டைல் வேண்டும்? நானே எழுதிய கேள்வி. ஈக்வடார்காரர் ஒருவர் இருக்கிறார், டைல் ஒட்டுவதுதான் தொழில், முட்டியில் அந்த ரப்பர் பட்டையோடு நேரே வேலையிலிருந்து வருவார். மற்றவர்கள் அங்குலத்தை அடியாக மாற்றுவதா வேண்டாமா என்று முழித்துக்கொண்டிருக்க, இவர் ஒரு நிமிஷத்தில் 126 என்று எழுதி வைத்துவிட்டார்.

விடை 114.

"114 சரிதான் மிஸ், ஆனா 114 வாங்கிட்டுப் போனீங்கன்னா வேலை நிக்கும். மூலைக்கு வெட்டும்போது உடையும். பத்து சதவீதம் சேர்க்கணும், அப்புறம் அரை டைல் யாரும் விற்க மாட்டான்."

114, அதில் பத்து சதவீதம் 11.4, ஆக 125.4, மேலே தூக்கி 126. மனக்கணக்காகவே போட்டிருக்கிறார். அங்குலத்தை அரை அடியாக்கியது, பெருக்கியது, சதவீதம், முழுமையாக்கியது எல்லாம் சரி. தேர்வில் பூஜ்யம். கணக்குத் தாளில் முதல் 5 கேள்விகளுக்குக் கால்குலேட்டர் கிடையாது, எல்லோருக்கும் அதில்தான் பயம், இவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இவருடைய சிக்கல் வேறு, கேள்வியில் இல்லாததையும் சேர்த்துப் பதில் சொல்கிறார். "கேள்வி எழுதினவன் டைல் வாங்கப் போறதில்லை" என்று சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம் அதையே தாளின் தலைப்பில் ஸ்பானிஷில் எழுதி வைத்துக்கொண்டார்.

அக்டோபர் 3, செவ்வாய்

வெள்ளிக்கிழமை மழையில் ஊரே மிதந்தது. கென்னடி விமான நிலையத்தில் ஒரே நாளில் எட்டு அங்குலத்துக்கு மேல் பதிவானதாம். சுரங்க ரயில் பாதி நின்றுபோயிற்று. இன்று வகுப்பில் பாதிப் பேர் இல்லை.

வங்கதேசத்து அக்கா வந்திருந்தார். (நான்தான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை 'ஆபா' என்பார், அதுவும் அக்காதான், ஆக யார் மூத்தவர் என்பதை இருவரும் பேசுவதில்லை.) வீட்டோடு இருக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. குடியிருப்பது பேஸ்மென்ட். கணுக்காலுக்கு மேல் தண்ணீர், மெத்தையை வெளியே போட்டாயிற்று. 2021இல் ஐடா புயலின்போது இந்தக் குவீன்ஸில்தான் பேஸ்மென்ட் வீடுகளில் ஆட்கள் மூழ்கி இறந்தார்கள், அந்த இரவை அவர் மறக்கவில்லை, அதனால் இந்த முறை மழை வலுத்தவுடனேயே பிள்ளைகளை மேல்வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். நோட்டு நனைந்துவிட்டது, வேறு கொடுத்தேன்.

அக்டோபர் 19, வியாழன்

மொழித் தாளில் ஒரு கட்டுரை உண்டு, 45 நிமிஷம். ஒரே விஷயத்தைப் பற்றி எதிரெதிரான இரண்டு பத்திகள் தருவார்கள். எந்தப் பத்தி தன் வாதத்துக்கு நல்ல ஆதாரம் காட்டுகிறது என்று எழுத வேண்டும். உன் கருத்து என்ன என்பது கேள்வியே இல்லை. இதை எத்தனை தரம் சொன்னாலும் மண்டையில் ஏறாது, ஏனென்றால் உலகத்தில் வேறெங்கும் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

பயிற்சிக்கு, பேஸ்மென்ட் வீடுகளைச் சட்டப்படி அனுமதிக்கலாமா என்று நானே இரண்டு பத்தி எழுதிக் கொடுத்தேன். அக்கா எழுதியது ஒன்றரைப் பக்கம். அடைத்துக்கொண்ட சாக்கடை, வீட்டுக்காரர் போனை எடுக்காதது, இங்கே இல்லாவிட்டால் அந்த வாடகைக்கு வேறெங்கே போவது என்று ஒரே மூச்சில். இலக்கணம் அங்கங்கே தடுக்கினாலும், பத்திரிகைக்கு அனுப்பினால் போடுவார்கள். கொடுத்த பத்திகளிலிருந்து ஒரு வரிகூட இல்லை.

மூன்று அளவுகோல், ஒவ்வொன்றுக்கும் 2 வரை: வாதமும் ஆதாரமும், அமைப்பு, மொழி. முதல் அளவுகோலில் என்னால் எதுவும் போட முடியவில்லை. தேர்வில் இதைத் திருத்துவது கணினி, அது இன்னும் இரக்கம் காட்டாது.

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆபா, இதை எழுதின ரெண்டு பேருமே பேஸ்மென்ட்ல இருந்ததில்லை" என்றார்.

எழுதியது நான்தான் என்பது அவருக்கும் தெரியும். நான் மூன்றாவது மாடியில் இருப்பதும் தெரியும்.

நவம்பர் 2, வியாழன்

ரிச்மண்ட் ஹில்லிலிருந்து வரும் கயானாப் பையன், 19 வயது, நாலு வாரமாக வரவில்லை, இன்று வந்தான். சேமிப்புக் கிடங்கில் இரவு ஷிஃப்ட் மாற்றிவிட்டார்களாம். அவன் குடும்பப் பெயரின் வாலில் ஒரு 'சாமி' இருக்கிறது. கரும்புத் தோட்டத்துக்கு மதராஸிலிருந்து கப்பலேறியவர்களின் வழி, அவனுக்கு அதில் பெரிய ஆர்வமில்லை, எனக்குத்தான் ஒவ்வொரு முறை வருகைப் பதிவு எடுக்கும்போதும் குரல் கொஞ்சம் மாறுகிறது. படிப்பில் வகுப்பிலேயே கெட்டிக்காரன் அவன்தான். வந்தால் போதும்.

நவம்பர் 14, செவ்வாய்

அக்காவுக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். டாக்டரிடம் அந்தப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போகும்போது பாட்டி சொல்வதைத்தானே சொல்வீர்கள், உங்கள் அபிப்பிராயத்தையா, என்று கேட்டேன். "பாட்டி சொல்றதைச் சொல்லிட்டு, அது சரியா இல்லையான்னு என் கண்ணால பார்க்கிறேன்" என்றார். அதுதான், அதையேதான் எழுத வேண்டும். முதல் பத்தி இப்படிச் சொல்கிறது, இந்தப் புள்ளிவிவரம் தருகிறது. இரண்டாவது வெறுமனே பயமுறுத்துகிறது, ஆதாரம் இல்லை. இன்று எழுதிய கட்டுரைக்கு மொத்தம் 4 போட்டேன். முந்தையது இதைவிட நல்ல எழுத்து என்று இப்போதும் சொல்வேன்.

டிசம்பர் 7, வியாழன்

முடிவுகள் வந்தன. டைல்காரருக்குக் கணக்கில் 156, எடுத்தவுடன் எனக்கு அனுப்பிய படம் ஏதோ கட்டடத்தின் படிக்கட்டில் நின்று எடுத்தது. அக்காவுக்கு மொழியில் 147, இரண்டு மதிப்பெண் உபரி, அது போதும். கயானாப் பையன் தேர்வுக்குப் பதிவு செய்திருந்த நாளில் மையத்துக்கே போகவில்லை, ஜனவரிக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன், பகல் நேரமாகப் பார்த்து.

அடுத்து சமூக அறிவியல். அந்தத் தாளில் பாதி குடிமையியலும் அரசாங்கமும்தான், ஆகவே எல்லோரும் அரசியல் சட்டத் திருத்தங்களை மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. டைல்காரர் மட்டும் கேட்டார்: "மிஸ், செனட்ல எத்தனை பேர்னு கேப்பாங்களா?"

"கேட்டாலும் பத்தியிலேயே போட்டிருப்பாங்க."

"அப்ப எனக்குத் தெரிஞ்சாலும் பத்தியைத்தான் பார்க்கணும்?"

"ஆமாம்."

"பத்தியில தப்பா இருந்தா?"