அரைக் கிலோ

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் 11 வருஷமாக ரைட்டராக இருக்கிறேன். பேர் பதிவது, சம்பளக் கணக்கு, உர மூட்டைக் கணக்கு என்று வேலை நிறைய, அதையெல்லாம் விடுங்கள். நவம்பரில் பழம் சிவந்து பறிப்பு ஆரம்பித்தால் ஜனவரி கடைசி வரைக்கும் சாயங்காலம் தராசுப் பக்கத்தில் நிற்கிறேனே, அதுதான் விஷயம். சில்வர் ஓக் மரத்தடியில் சாக்கை இறக்கிவிட்டு, எறும்பு கடித்த கையைச் சொறிந்தபடி வரிசையில் நிற்பார்கள். பெரும்பாலும் மலைக் கிராமத்துப் பெண்கள். சீசனில் எங்களிடம் கிலோ கணக்குதான் கூலி.

தராசு 32.700 காட்டும். நான் 32 என்று எழுதுவேன். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்: "ஈரம், இலை, குச்சி எல்லாம் இருக்குல்ல தம்பி." சாக்குக்கும் ஈரத்துக்கும் ஏற்கெனவே ஒரு கிலோ கழித்தாயிற்று என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை இரவு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் அஸ்தம்பட்டி வீட்டுக்கு வந்துவிடுவேன். மறுநாள் ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது பல வாரம் நான்தான் (குரல் நன்றாக இருக்கிறதாம், எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு). வீட்டு ஜெபத்தில் நீதிமொழிகளைத் தேதிக்கு ஓர் அதிகாரமாக வாசிப்போம், 31 அதிகாரம் மாதத்துக்குச் சரியாக வரும். 2022 டிசம்பர் 11 அன்று, ஜெபத்துக்குக் கொஞ்சம் முன்னால், தசமக் கணக்கோடு மல்லாடிக்கொண்டிருந்த மகன் புள்ளிக்கு அப்புறம் வருவதை விட்டுவிடலாமா என்று கேட்டான். "எங்க தோட்டத்துல விட்டுடுவோம்டா" என்று சொல்லிச் சிரித்தேன். அப்புறம் வேதத்தைத் திறந்தால் 11ஆம் அதிகாரம், முதல் வசனமே கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்கிறது.

மனைவி அப்போது ஒன்றும் பேசவில்லை. பாத்திரம் கழுவும்போதுதான் கேட்டாள்: "ஏங்க, எங்கம்மா தூக்கிட்டு வந்த சாக்குலயும் இப்படித்தான் குறைச்சிருப்பாங்களோ?" மாமியார் முப்பது வருஷம் பழம் பறித்தவர்.

தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டேன். 40 பேர், ஆளுக்குச் சராசரி அரைக் கிலோ, 60 நாள் என்றால் ஒரு சீசனுக்கு 1,200 கிலோ. பழம் முழுசாகத் தோல் உரிக்கும் பல்பிங்குக்குப் போனது, கூலி மட்டும் போகவில்லை. நான் ஒரு பைசா எடுத்ததில்லை, முதலாளியும் இப்படி எழுதச் சொன்னதில்லை, அதனால்தான் இத்தனை வருஷம் உறுத்தாமல் இருந்ததோ என்னவோ. வேதத்தில் வரும் வரி வசூலிப்பவன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். என் சம்பளத்தில் ஒரு மடங்குக்கே வழியில்லை.

அடுத்த நாளிலிருந்து கிராமையும் எழுதினேன். கணக்கு முடிய ராத்திரியாகிவிடும் என்று மேஸ்திரி முறைத்தார். வாரக் கடைசியில் கூலி ஏன் கூடியிருக்கிறது என்று முதலாளி கேட்டார், சொன்னேன், கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு "சரி, எழுது" என்றார். அந்த வருஷம் எனக்குச் சம்பள உயர்வு வரவில்லை. இதனால்தானா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

முதல் நாள் சாயங்காலம் ஓர் அக்கா சீட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னங்க ரைட்டரே, தராசு கெட்டுப்போச்சுங்களா?"

"இல்லக்கா, தராசு எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் வெறும் சாக்கை உதறி மடித்துக்கொண்டு போனார்.